போனை வைத்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஒரு நாளில் ஐந்து ஆறு மணி நேரம் போனில் போகிறது. ஆப்களை நீக்கிப் பார்த்தீர்கள், நேர வரம்பு வைத்துப் பார்த்தீர்கள், இரண்டே நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. நல்ல பழக்கங்களை வளர்த்துக்கொண்டால் போன் தானாகக் குறையும் என்று பலர் சொன்னதைக் கேட்டுப் புத்தகங்கள் வாங்கினீர்கள், கித்தார் வாங்கினீர்கள். இரண்டும் தூசி படிந்து கிடக்கின்றன. பட்டன் போனுக்கு மாறிவிடலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். போனைக் குறைக்க வழி கேட்பதுபோலத் தெரிந்தாலும், உங்கள் வரிகளுக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: எனக்கு நிஜமாகவே பிடித்த விஷயங்களை விட்டுவிட்டு, பார்த்து முடித்ததும் வெறுமையாக உணர வைக்கும் ஒன்றுக்கு ஏன் என் கை போகிறது? எனக்கு மன உறுதி இல்லையா? இதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வரும்.

நான் மனநல ஆலோசகர். விட நினைத்தும் விட முடியாத பழக்கங்களோடு வருபவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். போனைப் பற்றிய வருத்தத்தோடு வருபவர்களில் சோம்பேறி என்று சொல்லத்தக்க ஒருவரைப் பார்ப்பது அரிது. பெரும்பாலோர் பகல் முழுக்கப் பொறுப்புகளைச் சுமந்துவிட்டு, மிச்சமிருக்கும் கொஞ்ச நேரத்தையும் போனிடம் இழந்துவிட்டோமே என்று நொந்துபோனவர்கள். ஒரு கேள்வியை வைத்து உங்களை முழுதாக அறிந்துகொள்ள என்னால் முடியாது. அதனால் பொதுவாகப் பொருந்துவதைச் சொல்கிறேன். ஆய்வுகள் எங்கே உறுதியாக நிற்கின்றன, எங்கே என் அனுபவம் மட்டும் பேசுகிறது என்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரே சூழலில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால், நாளடைவில் அந்தச் சூழலே செயலைக் கிளப்பிவிடும். நீங்கள் முடிவெடுக்கவே தேவையில்லை. லிஃப்டுக்காக நிற்கிறீர்கள், கை பாக்கெட்டுக்குள் போய்விடுகிறது. வேலையில் ஒரு வரி சிக்குகிறது, திரை ஒளிர்ந்துவிடுகிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த ஹைட்மேயர், லாலு என்ற இருவர் 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் தங்கள் அன்றாடத்தைச் சிறு கேமரா அணிந்து பதிவு செய்தார்கள். போனை எடுத்த தருணங்களில் சுமார் 89 சதவீதம் யாரும் அழைக்காமல், எதுவும் ஒலிக்காமல் தாங்களாகவே எடுத்தவை. நோட்டிஃபிகேஷன் வந்ததால் எடுத்தது 11 சதவீதம்தான். சிறிய ஆய்வு, பங்கேற்றவர்கள் சில டஜன் பேர்தான். ஆகவே எண்ணை அப்படியே எல்லோர்மேலும் பொருத்த வேண்டாம். ஆனால் என்னிடம் வருபவர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. நோட்டிஃபிகேஷன்களை அணைப்பது நல்லது, அணைத்துவிடுங்கள். அதோடு வேலை முடிந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு பக்கம், கை எடுத்த பிறகு எளிதில் வைக்க முடியாதபடி அந்தத் திரை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பக்கம் முடிந்தது என்ற ஒரு நிறுத்தம் முன்பு இருந்தது. 2006-இல் அசா ராஸ்கின் உருவாக்கிய முடிவில்லா ஸ்க்ரோல் முறையில் அந்த நிறுத்தம் போய்விட்டது. அதை உருவாக்கியதற்காக அவரே பின்னர் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். அடுத்து வருவது சுவாரசியமாக இருக்குமா, சப்பென்று இருக்குமா என்று முன்கூட்டித் தெரியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதிக்காகத்தான் உயிர்கள் சலிக்காமல் முயன்றுகொண்டே இருக்கும் என்பதை ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்து விரிவாகச் சோதித்து 1957-லேயே எழுதிவிட்டார்கள். ஆகவே, மன உறுதி இல்லையா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: நீங்கள் தோற்றுக்கொண்டிருப்பது பழகிப்போன ஒரு கை அசைவோடும், பல திறமைசாலிகள் சேர்ந்து செய்த ஒரு பொருளோடும். அதை இரவு பத்து மணிக்கு, களைத்துப்போன மன உறுதியை வைத்து வெல்ல முடியாததில் ஆச்சரியம் இல்லை.

இங்கே டோபமின் என்ற, மூளை நரம்பணுக்கள் தங்களுக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இணையத்தில் இதைப் பற்றித் தவறான பேச்சு நிறைய இருக்கிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் போன்றவர்கள் 1990-களில் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து தெரிவது, டோபமின் வெளியிடும் நரம்பணுக்கள் வெகுமதிக்கு மட்டும் துடிப்பதில்லை, அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புக்கும், எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்கும் துடிக்கின்றன என்பது. பார்த்து முடித்த பிறகு திருப்தி இல்லாவிட்டாலும் அடுத்ததைத் தேடிக்கொண்டே இருப்பதை இது ஓரளவு விளக்குகிறது. ஆனால் ஒரு நாள் எல்லா இன்பத்தையும் நிறுத்திவிட்டால் டோபமின் ரீசெட் ஆகிவிடும் என்று சொல்கிறார்களே, அதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஒரு நாள் போனைத் தொடாமல் இருப்பது ஓய்வாக இருக்கும், இருந்து பாருங்கள். மூளையைக் கழுவிக் காயவைத்துவிட்டதாக மட்டும் நினைக்க வேண்டாம்.

சரி, மாற்றுப் பழக்கத்துக்கு வருவோம். நாதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-இல் நகம் கடிப்பது, முகம் தானாகத் துடிப்பது போன்றவற்றுக்கு ஒரு சிகிச்சை முறையை விவரித்தார்கள். செய்யாதே என்று சொல்வதை விட்டுவிட்டு, அந்த அசைவு வருவதற்குச் சற்று முன் உடலில் என்ன நடக்கிறது என்று கவனிக்கப் பழக்கினார்கள். பிறகு அதே நொடியில் அதோடு சேர்ந்து செய்ய முடியாத இன்னொரு அசைவைச் செய்ய வைத்தார்கள். இன்றுவரை அந்த முறை பயன்பாட்டில் இருக்கிறது. அதே ஆண்டில் ஜார்ஜ் ஹன்ட்டோடு சேர்ந்து அஸ்ரின் மதுவுக்கு அடிமையானவர்களிடம் வேலை பார்த்தார். அவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார்கள், குடும்ப உறவைச் சரிசெய்ய உதவினார்கள், குடிக்காமல் நண்பர்களோடு கூட ஓர் இடம் ஏற்படுத்தினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் கணிசமாகக் குறைவாகக் குடித்தார்கள். போனையும் மதுவையும் நான் சமமாக வைக்கவில்லை. ஆனால் இரண்டு ஆய்வுகளும் சொல்வது உங்களுக்கு நேராகப் பொருந்துகிறது: எந்த நொடியில் கை போகிறதோ அந்த நொடிக்கு ஒரு மாற்று வேண்டும்; அதற்கு மேல், வாழ்க்கையில் வேறு சந்தோஷங்களும் இருக்க வேண்டும். நீங்கள் இரண்டாவதை வாங்கி வைத்துவிட்டு, முதலாவதை விட்டுவிட்டீர்கள்.

அதனால் எதையும் குறைக்காமல் முதலில் ஒரு வாரம் வெறுமனே கவனியுங்கள். போனை எடுத்ததை உணரும்போது, எடுப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு தாளில் இரண்டு மூன்று வார்த்தை எழுதுங்கள். "மெயிலுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது." "வீடு நிசப்தமாக இருந்தது." "தூங்கப் பிடிக்கவில்லை." இவ்வளவு போதும். எல்லா முறையும் எழுத முடியாது, தேவையும் இல்லை. ஒரு வாரம் கழித்துப் படித்துப் பார்த்தால் போன் உங்களுக்காகச் செய்துகொண்டிருக்கும் வேலைகள் தெரியும். அநேகமாக மூன்று நான்கு வேலைகள்தான் இருக்கும். நான் பார்த்தவரை, இந்தத் தாளை எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இது என் அனுபவம் மட்டுமே.

பலருக்கும் போன் செய்துதரும் பெரிய வேலை, கடினமான ஒன்றிலிருந்து தப்ப வைப்பது. எழுத வேண்டிய கடிதம், ஆரம்பிக்கவே பயமாக இருக்கும் ஒரு வேலை. அந்த வேலையை நினைத்ததும் நெஞ்சில் சிறு இறுக்கம் வருகிறது, போனை எடுத்ததும் அது தளர்கிறது. அந்தத் தளர்ச்சிதான் வெகுமதி. இந்த நொடிக்கு மாற்றாகக் கித்தார் உதவாது, புத்தகமும் உதவாது. அந்த வேலையின் மிகச் சிறிய துண்டு உதவும்: கடிதத்தின் முதல் வரியை மட்டும், மோசமாகவே எழுதுவது. அல்லது எழுந்து இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வருவது. நடை இறுக்கத்தைக் குறைக்கும், ஆனால் உங்களை நாற்பது நிமிடம் பிடித்து வைத்துக்கொள்ளாது. போன் பிரச்சினை என்று வந்த சிலருக்கு, கொஞ்சம் பேசிய பிறகு, உண்மையில் தாங்க முடியாத ஒரு வேலையோ படிப்போ பிரச்சினையாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே போனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இரவு நேரம் தனி விஷயம். உங்கள் ஐந்தாறு மணி நேரத்தில் பெரும்பகுதி இரவில்தான் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடியவருக்கு இரவு பத்தரைக்கு மேல் கிடைக்கும் நேரம் மட்டுமே தன்னுடையதாகத் தோன்றும். தூங்கினால் அடுத்து விடிந்து மறுபடி ஓட்டம் ஆரம்பித்துவிடும். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு ஸ்க்ரோல் செய்துகொண்டிருப்போம். அப்போது உடலில் சக்தி இல்லை. அந்த நேரத்துக்கு நீங்கள் ஒதுக்கியது கித்தார் கற்பதும், கனமான புத்தகம் படிப்பதும். தூசி படிந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். களைப்பான நேரத்துக்குக் களைப்பில் செய்யக்கூடியதை வையுங்கள்: ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன ஒரு லேசான புத்தகம், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கும் இசை, வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், கையால் செய்யும் எளிய வேலை. அதோடு, பகலில் எங்காவது இருபது நிமிடமாவது உங்களுக்கென்று எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பகலில் தனக்கென்று நேரம் கிடைத்தவர்களுக்கு இரவைப் பிடித்துத் தொங்க வேண்டிய தேவை குறைந்துவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

தனிமை இன்னொன்று. இதற்குத் தனியாகச் செய்யும் எந்தப் பொழுதுபோக்கும் மாற்றாகாது, எவ்வளவு உயர்ந்ததானாலும் சரி. ஒருவரை அழைத்துப் பேசுவதும், வாரத்தில் ஒரு நாள் யாரோடாவது சேர்ந்து நடப்பதும்தான் மாற்று. பேசுவதற்குப் போனை எடுத்தால் அதைக் குற்றமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்; மனிதர்களோடு பேசும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வரிசையில் நிற்கும்போதும் காத்திருக்கும்போதும் எடுப்பதைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டேன். அது கடைசியில் குறைந்தால் போதும்.

இப்போது கித்தாருக்கு வருகிறேன். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, ஆனால் புதிதாக ஒன்றைக் கற்கும் முதல் சில வாரங்கள் சந்தோஷமானவை அல்ல. விரல் வலிக்கும், சத்தம் சரியாக வராது. போனோ முதல் நொடியிலேயே எதையாவது தந்துவிடும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டிக்கு விட்டால் எது ஜெயிக்கும் என்பது தெரிந்ததே. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் பல பத்தாண்டுகளாக வளர்த்த கோட்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு செயல் மனதுக்கு நிறைவு தர, அது நாமே தேர்ந்ததாக இருக்க வேண்டும், அதில் நாம் தேறி வருகிறோம் என்று தெரிய வேண்டும், யாரோடாவது பிணைப்பு இருக்க வேண்டும் என்கிறார்கள். இதற்கு ஆய்வு ஆதாரம் நிறையவே இருக்கிறது. உங்கள் கித்தாரை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். மற்றவர்கள் சொன்னதால் வாங்கியது, இன்னும் எதுவும் வாசிக்க வரவில்லை, தனியாக அறையில் செய்ய வேண்டியது. ஒரு ஆசிரியரோ, கூடவே கற்கும் இன்னொருவரோ இருந்தால் இரண்டு குறைகள் உடனே தீரும். வாரத்தில் ஒரு நாள் யாராவது உங்களுக்காகக் காத்திருப்பார்கள் என்பதே பெரிய இழுப்பு.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பள்ளி, கல்லூரி நாட்களில், போன் இவ்வளவு இடம் பிடிக்காத காலத்தில், நேரம் போனதே தெரியாமல் எதைச் செய்தீர்கள்? வரைதலா, ஓடுவதா, எதையாவது பிரித்துப் பூட்டுவதா, செடி வளர்ப்பதா? அதிலிருந்து ஆரம்பியுங்கள். கை ஏற்கெனவே பழகிய ஒன்றில் முதல் வாரங்களின் கசப்பு இருக்காது. கடைசியில் கையில் ஏதாவது ஒன்று மிஞ்சும் செயல்கள் நன்றாக நிலைப்பதாக எனக்குத் தோன்றுகிறது: ஒரு படம், தைத்த துணி, சரிசெய்த சைக்கிள். உடல் அசைவும் அப்படியே. இதை நிரூபிக்கப்பட்டதாகச் சொல்லவில்லை, என் கணிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் அதை ஒரு தருணத்தோடு கட்டிவிடுங்கள். "இனி நிறையப் படிப்பேன்" என்பது நிற்காது. "இரவு படுக்கையில் உட்கார்ந்ததும் தலையணைமேல் இருக்கும் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படிப்பேன்" என்பது நிற்க வாய்ப்பு அதிகம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த முறை இது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, இப்படி நேரமும் இடமும் சொல்லித் திட்டமிடுவது நல்ல பலன் தருகிறது என்று காட்டினார்கள். 21 நாளில் பழக்கம் ஆகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை நம்பி 22-ஆம் நாள் மனம் உடைந்துபோனவர்கள் நிறையப் பேர். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவும் 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு செயல் தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது யாரையும் பெரிதாகப் பின்னுக்குத் தள்ளவில்லை. இந்தக் கடைசி வரியை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

போனைச் சற்றுத் தூரமாக்கவும் வேண்டும். புத்தகம் எடுக்க இரண்டு நொடி, போன் எடுக்க எழுந்து நடக்க வேண்டும் என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள், எழுப்புவதற்குத் தனியாக அலாரம் கடிகாரம் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த சின்ன மாற்றங்களில் இதற்கு ஈடானது இல்லை. கித்தாரை உறையிலிருந்து எடுத்து நாற்காலி பக்கத்தில் நிறுத்துங்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது சிலருக்கு உதவுகிறது, செலவில்லாதது, முயன்று பாருங்கள். போன் மேசையில் சும்மா இருந்தாலே கவனம் குறையும் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு மிகவும் பிரபலம். ஆனால் அதைத் திரும்பச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, ஆகவே அதைச் சந்தேகத்துக்குரியதாகவே வைத்திருக்கிறேன்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகத்தில் யூலியா பிரைலோவ்ஸ்கயா குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில் 619 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு வாரம் போனை அறவே விட்டார்கள், இன்னொரு பிரிவினர் தினமும் ஒரு மணி நேரம் மட்டும் குறைத்தார்கள், மூன்றாம் பிரிவினர் எதையும் மாற்றவில்லை. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஒரு மணி நேரம் குறைத்தவர்களிடம் பலன் அதிகமாகவும் நீடித்தும் இருந்தது. அமெரிக்காவில் ஹன்ட் ஆல்கட்டும் மற்றவர்களும் செய்த இன்னொரு ஆய்வில், நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. அதில் ஒரு பகுதி குடும்பத்தோடும் நண்பர்களோடும் போனது, ஒரு பகுதி தனியாக டிவி பார்ப்பதில் போனது. மகிழ்ச்சி கூடியது, ஆனால் சிறிதளவே. இதை ஏன் சொல்கிறேன் என்றால், போனைக் குறைத்ததும் வாழ்க்கையே மாறிவிடும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது. கிடைத்த நேரம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்துத்தான் மீதி.

முதல் இரண்டு வாரம் சலிப்பாக இருக்கும், கை பரபரக்கும். டிமதி வில்சன் குழு 2014-இல் ஆட்களை ஓர் அறையில் 15 நிமிடம் தங்கள் எண்ணங்களோடு மட்டும் தனியாக உட்கார வைத்தது. விரும்பினால் ஒரு பட்டனை அழுத்தித் தங்களுக்கே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்பு சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அழுத்தினார்கள். சும்மா இருப்பது மனிதருக்கு அவ்வளவு கடினம். அதனால் அந்தப் பரபரப்பை, ஏதோ தவறாகப் போகிறது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில நிமிடம் இருந்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. போன் அடிமைத்தனம் என்று தனி நோய் எதுவும் அதில் இல்லை. அதனால் உங்களுக்கு நீங்களே அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் முன்பு பிடித்த எதுவுமே இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எதிர்காலம் இருண்டு தெரிகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்கவில்லை என்றால் அதற்கும் தனியாகப் பரிசோதனை உண்டு. இந்த இரண்டிலும் போன் பெரும்பாலும் வலியைத் தணிக்கப் பிடித்துக்கொண்ட கைப்பிடிதான். அதைப் பிடுங்குவதற்கு முன் மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், இதையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்.

பட்டன் போன் பற்றி: இப்போதைக்கு வேண்டாம் என்பேன். வங்கி, வழி பார்ப்பது, வேலை சம்பந்தமான செய்திகள் எல்லாம் ஸ்மார்ட்போனில் இருக்கும்போது, ஒரு மாதத்தில் ஏதாவது ஓர் அவசரத்துக்குப் பழையதை எடுப்பீர்கள், அதோடு அது கையிலேயே தங்கிவிடும். முதலில் அந்த ஒரு வாரத் தாளை எழுதுங்கள். பிறகு இரவு நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சார்ஜர் வெளியே, லேசான புத்தகம் தலையணைமேல். இரண்டு மூன்று மாதம் அது ஓரளவு நின்ற பிறகும் பட்டன் போன் வேண்டும் என்று தோன்றினால் அப்போது வாங்குங்கள். தாளில் என்ன வந்தது என்று இங்கே எழுதினால், உங்களுக்கு எந்த மாற்று பொருந்தும் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முயல்கிறேன்.